ஆற்றுவாயில் முதல் மண்

இன்று காலை கிணற்றில் அள்ளிய தண்ணீரில் அந்த வாடை இருந்தது. அழுகிய ஆற்றுவாழைச் செடியும் சேறும் உப்பும் கலந்த வாடை. வாளியை முகத்தருகே தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே வாழையடியில் ஊற்றினேன். வாவி நிரம்பி, போக வழியில்லாமல், நிலத்துக்கடியால் நம் கிணறுகளுக்குள் வரத் தொடங்கிவிட்டது. வானொலிக்கு முன்னர், கிராம சேவகருக்கு முன்னர், கிணறு அதைச் சொல்லிவிடும். நீ இருந்திருந்தால் படலையைத் திறக்கும் முன்னரே உன் குரல் வந்திருக்கும்.

"என்னகா, உன்ட கிணறும் நாறுதா?"

கொஞ்சம் நாகரிகமாகக் கேட்கக் கூடாதா என்று நான் முகம் சுளித்திருப்பேன். "நாறுறத நாறுது எண்டுதான் சொல்லணும்" என்று நீ உள்ளே வந்து, கேளாமலே குசினிக் கதிரையில் இருந்திருப்பாய்.

நீ போன பிறகு வந்த மாரிகள் எல்லாம் பெயருக்குத்தான் பெய்தன. இந்த முறைதான் உண்மையான மழை. உனக்குத் தெரிந்தவற்றையும் இதில் எழுதுகிறேன். ஊரை விட்டுப் போய் இதையெல்லாம் மறந்தவர்களும் படிக்கக்கூடும் என்பது ஒரு காரணம். ஒழுங்காக எழுதாவிட்டால் ஊர் இதை வேறு விதமாகச் சொல்லிப் பழகிவிடும் என்பது மற்றது. ஏற்கெனவே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

நம் ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டும் சந்திக்கும் ஆற்றுவாயை வருடத்தின் பெரும்பகுதி ஒரு மணல்மேடு அடைத்துக்கொண்டிருக்கும். மாரி வெள்ளம் கடலுக்குப் போக வேண்டுமென்றால் அந்த மேட்டை வெட்ட வேண்டும். வெட்டினால் அக்கரையில் வட்டை வட்டையாகக் கிடக்கும் வயல்கள் பிழைக்கும். ஆனால் வாவியில் அப்போதுதான் கொழுத்து வரும் இறால், அந்த இழுவையோடு கடலுக்குப் போய்விடும். வெட்டாவிட்டால் இறால் பெருகும், நெல் அழுகும். அதனால் மாரி வந்தாலே ஊர் இரண்டுபடும். நான் வயல்காரர் வீட்டுப் பெண். நீ வாவியில் வலை வீசும் ஆற்றுக்காரர் வீட்டுப் பெண். கொன்வென்ட் விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "எங்கட இறால விட்டுத்தான் நீங்க சோறு தின்னுறீங்க" என்று நீயும், "சோறில்லாமல் இறாலை எதோடு தின்பீர்கள்" என்று நானும் சண்டை பிடித்திருக்கிறோம். சிஸ்டர் வந்து இருவரையும் முழங்காலில் நிறுத்துவார். முழங்காலில் நின்றாலும் முதுகு வளையக்கூடாது என்பார். என் முதுகு வளையாது. உன் முதுகு சிரிப்பில் குலுங்கும்.

ஊர் இரண்டுபட்டாலும் அதற்கு ஒரு முடிவும் வைத்திருந்தார்கள். எத்தனை நாள் சண்டை போட்டாலும், வெட்டுவது என்று முடிவானதும் வயல்காரரில் ஒருவரும் ஆற்றுக்காரரில் ஒருவரும் ஒரே மண்வெட்டிப் பிடியைச் சேர்ந்து பிடித்து முதல் மண்ணை வெட்ட வேண்டும். அதன் பிறகு எவரும் மற்றவரைக் குறை சொல்ல முடியாது. நாம் விடுமுறைக்கு வந்திருந்த ஒரு மாரியில் உன் அப்பாவும் என் அப்பாவும் அப்படிப் பிடித்ததைக் கரையில் நின்று பார்த்தோம். "கைய விட்டுராதீங்க அண்ணன், மறுகா நான் தனிய வெட்டினெண்டு பொலிசுக்குப் போவீங்க" என்றார் உன் அப்பா. என் அப்பா சிரித்து நான் கண்ட தடவைகள் குறைவு. அன்று சிரித்தார்.

அந்த வழக்கத்தை எவரும் வேண்டுமென்று ஒழிக்கவில்லை. மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்தது. மண்வெட்டி போயிற்று, அதோடு வழக்கமும் போயிற்று. பிரதேச சபை, பிரதேச செயலகம், நீர்ப்பாசனம், கடற்றொழில், மாவட்டக் கச்சேரி என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்கும் காரியமாக அது மாறியது. அனுமதி கேட்பதை நான் குறை சொல்லமாட்டேன். பிழையான இடத்தில் வெட்டினால் ஆறு கரையைத் தின்றுவிடும். நான் குறை சொல்வது வேறொன்றை.

சபையில் பெண்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது கட்சிக்காரர்கள் முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை, விதவை, ஊரில் எவரும் ஒரு சொல் சொல்ல முடியாதவள். பேசாமல் இருப்பாள் என்றும் நினைத்திருப்பார்கள். வீட்டுக்கு வீடு போய்க் கைகூப்ப என்னால் முடியாது என்று அனுப்பிவிட்டேன். அடுத்ததாக உன்னிடம் வந்தார்கள். நீ அவர்களைப் பேசி முடிக்கவே விடவில்லையாம். "கதிரை ஒண்டு தாறீங்க எண்டா தாங்க. ஆனா நான் அதில இருக்கமாட்டன், ஏறி நிண்டு கத்துவன்" என்றாயாம்.

கத்தினாய்தான். வீட்டுத்திட்டத்துக்கு மதகு வந்தது உன் கத்தலால். சந்தையடிக்கு விளக்கு வந்தது உன் கத்தலால். சுனாமியில் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு அந்த வீடுகளை வாவியோரத்துத் தாழ்நிலத்தில் கட்டத் தொடங்கியபோதே நீ சொன்னாய்: "கடல் விட்ட சனத்தக் கொண்டு வந்து ஆத்துக்குள்ள வைக்கிறாங்க." அப்போது நீ உறுப்பினரும் இல்லை. எவரும் கேட்கவில்லை.

உன் கடைசி மாரியில் மழை நிற்காமல் பெய்தது. மேற்கே குளங்களின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். வீட்டுத்திட்டத்தின் கடைசி வரிசைக்குள் தண்ணீர் ஏறிய அன்று சபை மண்டபத்தில் கூட்டம். மாதர் சங்கத் தலைவியாக நானும் போயிருந்தேன். வெட்டுவதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. இயந்திரமும் மணல்மேட்டில் வந்து நின்றது. எல்லாம் சரி, வெட்ட வேண்டியதுதானே என்று நான் கேட்டேன். தவிசாளர் மெதுவாகச் சிரித்தார்.

"கொஞ்சம் பொறுங்க டீச்சர். கொழும்பிலிருந்து அமைச்சர் ஐயா வாறார். அவர்ர கையால ஆரம்பிச்சு வச்சா எங்கட சபைக்கும் பேர், நாளைக்கு ஒரு றோட்டுக் கேட்டாலும் தருவார்."

"எப்ப வாறார்?" என்று கேட்டாய் நீ.

"வெள்ளிக்கிழமை எண்டு சொல்லியிரிக்கு. பாதை சரியில்லாட்டி திங்கள்."

"அப்ப வெள்ளத்துக்கும் சொல்லி அனுப்புங்க, திங்கள் வரைக்கும் வாசல்ல நிக்கட்டாம்."

மண்டபம் சிரித்தது. உன் தம்பி சிரிக்கவில்லை. மீனவர் சங்கத் தலைவர் என்ற முறையில் முன்வரிசையில் இருந்தான். ஐயா வரத் தாமதமாவதில் அவனுக்கு வருத்தம் இல்லை; இறால் கனத்திருந்த நாட்கள் அவை. எழுந்து, எல்லாருக்கும் கேட்கும்படி உன்னைக் கேட்டான்.

"அக்கா, நீ ஆர்ட பக்கம்?"

"தண்ணி நிக்கிற வீட்டுப் பக்கம்."

"எங்கட வோட்டில போய் இருந்துகொண்டு டீச்சர்ட வயலுக்குக் காவல் நிக்கிறாய்."

பின்னாலிருந்து ஒருவன், "விலை போயிட்டா" என்றான். நீ திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் காது சுட்டது. என் பெயர் ஒரு மண்டபத்தில் அப்படி அடிபட்டது அதுதான் முதல் தடவை. கூட்டம் முடிந்ததும் நீ நேரே என் வீட்டுக்கு வந்து, "தேத்தண்ணி ஊத்து, சீனியக் கூடப் போடு, விலை போனவளுக்கு அதாவது கிடைக்கட்டும்" என்று சிரித்தாய். என்னால் சிரிக்க முடியவில்லை.

வெள்ளி வந்தது, ஐயா வரவில்லை. அந்த நாட்களில் நீ வீட்டுத்திட்டத்துத் தண்ணீருக்குள்ளேயே நின்றாய். தோணியில் கிழவிகளையும் கைக்குழந்தைக்காரிகளையும் ஏற்றிப் பாடசாலைக்குக் கொண்டுவந்தாய். மாட்டுச் சாணமும் மலக்குழித் தண்ணீரும் செத்த எலியும் மிதந்த வெள்ளம் அது. உன் குதிக்காலைத் தகரம் ஒன்று கிழித்திருந்தது. கழுவிக் கட்டச் சொன்னேன். கட்டினாய், மறுபடி இறங்கினாய். பாடசாலையில் சோறு சமைத்துக்கொண்டிருந்த நான் உனக்குச் செய்தது அந்தச் சொல் ஒன்றுதான்.

சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் படலையில் நின்றாய். தோளில் மண்வெட்டி.

"சீலைய மடிச்சுக் கட்டு. வா."

"எங்கே?"

"நான் ஆறு, நீ வயல். ரெண்டு பேரும் பிடிச்சா ஊர் வாய மூடும். அப்பாமார் செஞ்சதுதானே."

இந்த வயதில் இரண்டு பெண்கள் மண்வெட்டியோடு போனால் ஊர் என்ன நினைக்கும் என்றேன். சைக்கிள் தரிப்பதுபோல மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, குனிந்து, என் சேலையை நீயே தூக்கிச் செருகினாய். பிறகு நடந்தோம்.

மணல்மேட்டில் இயந்திரம் மழைக்குப் போட்ட தறப்பாளுக்குள் நின்றது. அதற்கு இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டி, ஐயாவின் படம் போட்ட துணியும் தொங்கவிட்டிருந்தார்கள். மழையில் அந்த முகம் சுருங்கிக் கிடந்தது. சாரதிப் பையன் பதறி இறங்கி வந்தான்.

"அம்மா, எனக்கு ஓடர் வரல்ல."

"உனக்கு வரல்ல மனே. எங்களுக்கு வந்துட்டு" என்றாய்.

இருவரும் பிடித்தோம். எனக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. "நிமிந்து நில்லுகா, சிஸ்டர் பாக்கிறா" என்றாய். அப்போது உன் கை என் கையில் பட்டது. சுட்டது.

"கை கொதிக்குது" என்றேன்.

"வெயில்" என்றாய்.

வானத்தில் வெயில் என்று ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு அது தெரியும், உனக்கும் தெரியும். மண்ணை வெட்டினோம். ஈர மணல் பெயர்ந்தது, இன்னொன்று பெயர்ந்தது. மூச்சு வாங்கி நின்றபோது வீட்டுத்திட்டத்து ஆண்கள் மண்வெட்டிகளோடு மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் வயல்காரர்கள். ஆற்றுக்காரர்களில் ஒரு சிலர் வந்தார்கள். உன் தம்பி வரவில்லை. ஒரு முழ அகலத்தில் வாய்க்கால் கிழித்தார்கள். மிச்சத்தை ஆறே பார்த்துக்கொண்டது. மதியத்துக்குள் கரைகள் பொத்துப் பொத்தென்று விழ, ஆற்றுவாய் இரைந்துகொண்டு கடலுக்குள் போனது. நீ மணலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "அங்க போகுது எங்கட இறால் எல்லாம்" என்றாய். உன் கண்கள் மஞ்சளாக இருந்ததை அப்போதுதான் கண்டேன்.

திங்கட்கிழமை ஐயா வந்தார். ஓடிக்கொண்டிருந்த ஆற்றுவாயின் ஓரத்தை இயந்திரம் கொஞ்சம் சுரண்ட, அவர் குடைக்கீழ் நின்று படம் எடுத்தார். அவர் ஆரம்பித்துவைத்ததாகச் செய்தி வந்தது. அதே நாளில், அனுமதியின்றி அரச காணியைச் சேதப்படுத்தியது பற்றி வாக்குமூலம் எடுக்க ஆஸ்பத்திரியில் உன் வாட்டுக்குப் பொலிஸ்காரர் வந்தார். உனக்குப் பேசக்கூடச் சக்தி இல்லை. அவருக்கு இருக்கக் கதிரை எடுத்துக் கொடுக்கும்படி எனக்குக் கையைக் காட்டினாய்.

எலிக்காய்ச்சல் என்றார்கள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். சபையின் அனுதாபப் பிரேரணையில் "சுகவீனம் காரணமாக" என்று எழுதியிருந்தார்கள். பார்வையாளர் வரிசையிலிருந்து நான் எழுந்து, அது பிழை என்றேன். வெட்ட அனுமதி இருந்தும் இயந்திரம் இருந்தும் ஒரு விருந்தினருக்காக நம்மைத் தண்ணீருக்குள் நிறுத்தி வைத்தார்கள், அதனால் இறந்தாள் என்று எழுதும்படி சொன்னேன். தவிசாளர், "டீச்சர்ர மனநிலை விளங்குது" என்றார். பிரேரணை அப்படியே நிறைவேறியது.

உன் மரண வீட்டைப் பற்றி எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன். விட்டால் நேர்மை இல்லை. உங்கள் தெருவில் கதவுகள் பாதி திறந்திருந்தன, ஆட்கள் வெளியே வரவில்லை. கட்டாரிலிருந்து உன் மகனுக்கு வந்து சேர வழி கிடைக்கவில்லை. கொள்ளி வைக்க வேண்டிய தம்பி தோணியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டான். மீன் இல்லாத ஆற்றுக்கு. உன்னைத் தூக்கியவர்கள் வீட்டுத்திட்டத்து ஆண்கள். கொள்ளி வைத்தவர் நீ தோணியில் ஏற்றிவந்த கிழவி ஒருவரின் மருமகன். ஐயா அனுப்பிய மலர்வளையம் வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. நான் அதைத் தூக்கி வேலியோரம் வைத்தேன். எவரும் தடுக்கவில்லை.

உன் தம்பியின் கோபம் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த மாரியில் ஆற்றுக்காரர் வீடுகளில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. வலைகள் வேலியில் காய்ந்து கிடந்தன. வயல்காரர் அறுவடை செய்தோம். ஒரு படி நெல் கொண்டுபோய் அந்தத் தெருவில் கொடுக்க வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. நீ இருந்திருந்தால் கத்தித் தோன்ற வைத்திருப்பாய்.

இன்று வாளியை ஊற்றிவிட்டுச் சபைக்குப் போனேன். ஆற்றுவாயடியில் இப்போது ஒரு பலகை நிற்கிறது: அனுமதியின்றி வெட்டுவது தண்டனைக்குரிய குற்றம். தவிசாளர் மாறிவிட்டார். புதியவர் மரியாதையானவர், எழுந்து நின்று பேசினார். இந்த முறை விருந்தினர் எவரும் இல்லையாம். இயந்திரம் பக்கத்துப் பிரதேசத்தில் வேலையாக நிற்கிறதாம், முடிந்ததும் வருமாம். "மற்றது டீச்சர், போன முறை பிரச்சினை வந்ததால இப்ப ரெண்டு தரப்பும் சம்மதிச்சாத்தான் கச்சேரி விடும். மீனவர் சங்கம் ஓமெண்டு சொல்லட்டும்."

வீட்டுத்திட்டத்தில் முழங்கால் தண்ணீர் என்றேன். தெரியும் என்றார். தெரியும் என்பதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இல்லை.

அங்கிருந்து நேரே உன் தம்பி வீட்டுக்கு நடந்தேன். நீ போன பிறகு அந்தத் தெருவுக்குள் நான் கால் வைத்ததில்லை. முற்றத்தில் கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தான். எழும்பவில்லை. அவன் மனைவிதான் கதிரை கொண்டுவந்து போட்டாள். நான் இருக்கவில்லை.

"தம்பி, வெட்ட வேண்டும். உன் சம்மதம் வேண்டும்."

"அக்காவயும் இப்பிடித்தான் கூட்டிக்கொண்டு போனீங்க."

"உன் அக்காவைக் கூட்டிக்கொண்டு போக எனக்குப் பலம் இல்லை. அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள்."

ஊசி நின்றது.

"இறால் இப்பதான் கனக்குது டீச்சர். ஒரு கிழமை பொறுங்க."

"அவளும் ஒரு கிழமைதான் பொறுத்தாள்."

அதைச் சொல்லியிருக்கக்கூடாதோ என்று பிறகு நினைத்தேன். அவன் முகம் உன் முகத்தைப் போலவே இறுகியது.

"எண்ட சங்கத்தில ஓமெண்டு சொன்னா என்னத் தெருவில நடக்க விடமாட்டாங்க. நான் கை வைக்கமாட்டன்." பிறகு, குனிந்தபடியே, மெதுவாக: "வந்து தடுக்கவும் மாட்டன்."

அவனால் தர முடிந்தது அவ்வளவுதான் என்று விளங்கியது. திரும்பி வந்துவிட்டேன்.

நாளைக் காலை வெளிச்சம் வந்ததும் ஆற்றுவாய்க்குப் போகப்போகிறேன். வீட்டுத்திட்டத்தில் சொல்லியிருக்கிறேன், வருபவர்கள் வரட்டும். ஆற்றுக்காரர் பக்கத்தில் ஒரு கை இருக்காது. வழக்கத்தின்படி அது முதல் மண்ணே அல்ல, வெறும் திருட்டு. வயல்காரி தன் வயலுக்காக வெட்டினாள் என்றுதான் சொல்வார்கள். என் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துப் பல காலமாயிற்று என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சொல்வார்கள். வாட்டுக்கு வந்த அதே பொலிஸ்காரரோ வேறொருவரோ என் படலைக்கும் வரலாம்.

இந்த வயதுவரை என்னைப் பற்றி எவரும் ஒரு சொல் சொல்லாதபடி வாழ்ந்ததைத்தான் என் சம்பாத்தியம் என்று நினைத்திருந்தேன். நீ அந்தச் சம்பாத்தியம் இல்லாமலே வாழ்ந்தாய். மண்டபத்தில் வைத்து உன்னை விலைபோனவள் என்றபோது, சீனி கூடக் கேட்டுத் தேத்தண்ணீர் குடித்தாய். சிஸ்டர்மார் எனக்கு எத்தனையோ நல்லவற்றைச் சொல்லித்தந்தார்கள். பழி கேட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்க அவர்கள் சொல்லித்தரவில்லை. அதை உன்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன், நீ போன பிறகு, மிகவும் மெதுவாக. இன்னும் சரியாக வரவில்லை.

படலையைத் திறந்து வைத்துவிட்டுப் போவேன். வீட்டுத்திட்டத்துப் பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து என் விறாந்தையில் படுக்க வைக்கட்டும், சேறு பட்டால் படட்டும். ஊர் என்னைப் பேசத்தான் போகிறது. பேசும்போது அவர்கள் காய்ந்த நிலத்தில் நின்று பேசட்டும்.